பை கொண்டு வந்தவர்

ஒரு மனிதரைத் திருடன் என்று கத்தி, ஆட்களைக் கூட்டி, அவர் கீழே விழும்வரை அடித்தேன். அவர் திருடவில்லை. அடிக்கக் கை ஓங்கும்போதே அது எனக்குத் தெரியும்.

பிள்ளைகளே, "தெரியாமல் அடித்துவிட்டேன்" என்று எழுதத்தான் எனக்கு ஆசை. அந்த ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். இத்தனை வருடமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்... பொய்! தெரிந்தேதான் அடித்தேன்.

உங்களுக்கு ஏன் இதை எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நீங்கள் என்னைப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் பள்ளியில் பட்டிமன்றம் நடந்த அன்று, பெற்றோருக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் முன்பக்கமாக உட்கார்ந்திருந்தேன். "கடைகளில் பைக்குக் காசு வாங்குவது சரியா, தவறா?" என்பது தலைப்பு. உங்களோடு எட்டாம் வகுப்பில் படிக்கும் யாழினி என் மகள். 'சரியே' என்ற அணியில் கடைசியாகப் பேசினாள்.

அவள் பேச்சின் முடிவில் ஒரு கதை சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்த தன் அப்பா, சொந்தப் பைக்குள் பொருளை ஒளித்துக்கொண்டு போன ஒருவனைக் கதவருகே மடக்கி அறைந்த கதை. "சொந்தப் பை என்ற பெயரில் திருட்டுப் பையும் உள்ளே வருகிறது. அதனால் கடைக்காரர் பை தரட்டும், அதற்குக் காசும் வாங்கட்டும்" என்று முடித்தாள். நீங்கள் கைதட்டினீர்கள். சிலர் திரும்பி என்னைப் பார்த்துத் தட்டினீர்கள்.

நானும் தட்டினேன்.

அவளுக்கு முதல் பரிசு. எனக்கு...? எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நீங்கள் கைதட்டிய அந்தக் கதையின் உண்மை இதுதான். படியுங்கள். படித்த பிறகு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினையுங்கள்.

அந்தக் கடை திருமுல்லைவாயிலில், பெரிய சாலைமேல் இருந்தது. பத்தாவது படித்துவிட்டு ஊர் சுற்றிய எனக்குக் கிடைத்த முதல் கௌரவமான வேலை அது. கடை பெயர் போட்ட சட்டை, கழுத்தில் அட்டை. வெளியே போகும் கதவருகே நிற்க வேண்டும். பில்லை வாங்கிப் பையில் இருக்கும் பொருளோடு ஒத்துப்பார்த்து, பில்லில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதவில் நிற்பது சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொருவரையும் "நீ திருடனா?" என்று வாய் திறக்காமல் கேட்கிற வேலை. கேட்கப்படுகிறவர்களுக்கு அது புரியும். புரிந்து முறைப்பார்கள்.

முன்பெல்லாம் பிளாஸ்டிக் பையை அள்ளி அள்ளிக் கொடுத்தோம். ஒரு தீப்பெட்டிக்குக்கூட ஒரு பை. அப்புறம் பிளாஸ்டிக் பை கூடாது என்று சட்டம் வந்தது. நான் அதை மனதார வரவேற்றேன், நம்புங்கள். நாங்கள் குடியிருக்கும் மேனாம்பேட்டில் மழை வந்தால் கால்வாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வரும். குத்துக்கம்பியை விட்டுக் குத்தினால் கொத்துக் கொத்தாகப் பைதான் வரும்... எங்கள் கடைப் பையும் அதில் இருக்கும். எனக்குச் சம்பளம் கொடுக்கும் கடையின் பெயர், சாக்கடையில், என் கையில்!

ஆகவே பைக்குக் காசு என்று ஆனபோது நல்லது என்றே நினைத்தேன். காசு கொடுக்க மனசில்லாதவன் வீட்டிலிருந்து பை கொண்டு வருவான், கால்வாய் மூச்சு விடும். யாழினி தன் பேச்சின் தொடக்கத்தில் சொன்னாளே, அதே நியாயம். அந்த நியாயம் நான் கொடுத்ததுதான்.

ஆனால் கடை எப்படிச் செய்தது, கேளுங்கள்.

துணி போலத் தெரியும் ஒரு பையைக் கொண்டு வந்தார்கள். துணியில்லை. நாலு தரம் கனமாகத் தூக்கினால் பிடி பிய்ந்துபோகும். அதில் கடையின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து, நம்மிடமே காசு வாங்கி, நம் கையிலேயே விளம்பரத்தைத் தூக்க வைத்தார்கள். பில் போடும் பெண்கள் எல்லாப் பொருளையும் போட்டு முடித்த பிறகுதான் "பை வேணுமா?" என்று கேட்க வேண்டும். முன்னாடி கேட்கக் கூடாது. பின்னால் வரிசை நெருக்கும்போது எவனும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான் அல்லவா? மேனேஜரின் உத்தரவு அது.

இன்னொன்றும் உண்டு. சொந்தப் பை கொண்டு வருகிறவர்கள் அதை வாசலிலேயே கொடுத்துவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பில் போட்ட பிறகு அரிசி, பருப்பு, சோப்பு எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, டோக்கனைக் கொடுத்து, தன் பையை மீட்க வேண்டும். எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்? "சரி, ஒரு பை போடும்மா" என்பார்கள். பையில்லாமல் கை வீசிக்கொண்டு வருகிறவனுக்கு அங்கே ஒரு தொந்தரவும் இல்லை. பை கொண்டு வருகிறவன்தான் வாசலில் நின்றான், சந்தேகிக்கப்பட்டவனைப் போல.

இது பிசகு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருப்பேனா? மாட்டேன்.

காசு கேட்டதும் ஜனங்கள் ஆடிய ஆட்டம்! ஆயிரக்கணக்கில் பொருள் வாங்குவார்கள்; பைக்கு என்றதும் முகம் மாறும். தக்காளியைத் தரையில் கொட்டிவிட்டுப் போன அம்மா ஒருத்தி. பில் போடும் பெண்ணின் கம்ப்யூட்டரைக் குத்தி உடைத்தவன் ஒருவன். திட்டெல்லாம் கதவில் நிற்கும் எனக்குத்தான் வந்து சேரும். "பிச்சைக்காரப் பசங்க", "பையிலயும் திங்கிறானுங்க"... இன்னும் உங்களுக்கு எழுத முடியாத வார்த்தைகள். எல்லாவற்றையும் வாங்கி வாங்கி உள்ளே போட்டுக்கொண்டேன். திருப்பிப் பேசினால் வேலை போகும். வீட்டில் கைக்குழந்தையும் யாழினியும்.

சொந்தப் பையோடு விடாமல் வந்தவர் ஒரே ஒருவர்.

வெள்ளானூர்ப் பக்கத்து ஆள். தொழிற்பேட்டையில் ஏதோ பட்டறையில் வேலை போல. நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு எண்ணெய். மஞ்சள் துணிப் பை ஒன்று, இரண்டு பக்கமும் ஒட்டுப் போட்டது, அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். எங்களுக்குள் அவரை 'மஞ்சப்பை' என்றுதான் சொல்வோம். "மஞ்சப்பை வருதுடா" என்றால் கடையே நிமிர்ந்து பார்க்கும். ஏனென்றால் சிரிக்க ஏதாவது கிடைக்கும்.

வாசலில் பையைக் கொடுக்கும்போதே ஆரம்பிப்பார். "இன்னா அண்ணாத்தே, எம் பைய மட்டும் ஜெயில்ல போட்டுகினு கீற. அது இன்னா கொலையா பண்ணுச்சி?" என்பார்.

பில் போடும் இடத்தில் சுமதி என்ற பெண் இருந்தாள். அவள் வழக்கப்படி பை வேணுமா என்று கேட்டால் அவர் கையெடுத்துக் கும்பிடுவார். "எம் பொண்டாட்டி தச்ச பை வாசல்ல காத்துகினு கீதும்மா. அதுக்கு சக்களத்தி வேணாம்." வரிசையே சிரிக்கும்.

ஒருமுறை பொருளை அணைத்துக்கொண்டு வந்தவர் வேண்டுமென்றே வெங்காயத்தைக் கதவருகே விட்டுவிட்டார். ஒவ்வொன்றாகப் பொறுக்கினார், நிதானமாக. பின்னால் வண்டிகளோடு ஜனம் முட்டிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்துச் சொன்னார்: "பை இன்ஸ்பெக்டரு கோச்சிக்கப் போறாரு, வழி வுடுங்க." அன்றிலிருந்து கடையில் என் பெயர் பை இன்ஸ்பெக்டர்! நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூட அப்படிக் கூப்பிட்டான்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நான் சிரிக்கவில்லை. கார் வைத்திருந்தவர்கள் என்னைக் கெட்ட வார்த்தை சொன்னபோது வலித்ததைவிட, எண்ணெய்க் கறை நகத்தோடு அவர் கிண்டல் பண்ணியது எனக்கு அதிகம் வலித்தது. ஏன்? அந்தக் கேள்வியைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே பதில்தான் வருகிறது. அவரைத் திருப்பி அடிக்க முடியும் என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. கால் வைக்க இடமில்லை. காலையிலேயே ஒரு சண்டை.

அடுக்குமாடியில் குடியிருக்கும் ஓர் ஆள், சின்ன வயசுதான், இரண்டு தள்ளுவண்டி நிறையச் சாமான். மூன்று பைக்குக் காசு போட்டதைப் பில்லில் பார்த்துவிட்டார். இவ்வளவு வாங்குகிறவனுக்குப் பை சும்மா தர மாட்டீர்களா என்று கத்தினார். எனக்கு அதிகாரம் இல்லை சார் என்றேன். மூன்று பைகளையும் என் முகத்தில் வீசினார். ஒன்றுக்குள் கண்ணாடிப் பாட்டில் இருந்தது. என் உதடு கிழிந்தது. நான் வாயைப் பொத்தினேன். அவர் என் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினார். பொத்தான் தெறித்தது. காலர் கிழிந்து தொங்கியது.

மேனேஜர் ஓடி வந்தார். என்ன நடந்தது என்று என்னைக் கேட்கவில்லை. "சார்கிட்ட ஸாரி சொல்லு" என்றார்.

சொன்னேன். வாயில் ரத்தத்தோடு சொன்னேன். பைகளைச் சும்மா கொடுத்து, நானே காரில் கொண்டுபோய் வைத்தேன்.

மாற்றுச் சட்டை இல்லை. அதே சட்டையோடு திரும்பக் கதவுக்கு வந்தேன். உதட்டில் ஐஸ் கட்டி வைத்துக்கொள்ளச் சுமதி கொடுத்தாள். வாங்கவில்லை. அந்த நேரம் எனக்கு யாரையாவது கொல்ல வேண்டும் போலிருந்தது. பிள்ளைகளுக்கு எழுதும் சொல்லா இது? ஆனால் அப்படித்தான் இருந்தது!

மத்தியானம் டோக்கன் தீர்ந்துபோனது. பை வைக்கும் அலமாரியில் இடமில்லை. டோக்கன் கொடுக்கிற ஆள் சாப்பிடப் போயிருந்தான், அந்த வாசலையும் நானே பார்த்துக்கொண்டேன். அப்போது அவர் வந்தார். கக்கத்தில் வழக்கமாகச் சுருட்டியிருக்கும் பை அன்று கையில் தொங்கியது, உள்ளே ஏதோ இருந்தது.

டோக்கன் இல்லை, பையோடு உள்ளே போங்கள் என்றேன். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு பையின் வாயை அகலமாக விரித்துக் காட்டினார். குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் பால்பவுடர் டப்பா.

"பாத்துக்கோ அண்ணாத்தே. மெடிக்கல்ல வாங்கினது. பொண்ணு புள்ள பெத்துகினு ஊட்ல கீது. அப்பால திருடன்னு சொல்லிடாத."

சிரித்துக்கொண்டே சொன்னார். நான் பார்த்தேன். டப்பாவை முழுசாகப் பார்த்தேன். தலையாட்டினேன். "போ, போ" என்றேன்.

என் குற்றத்தின் வேர் அந்தத் தலையாட்டலில் இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வரும் கதவுக்கு வந்தார். வாங்கினது கொஞ்சம்தான், வெல்லம், கடலை மாவு, ஒரு எண்ணெய் பாக்கெட். தன் பையிலேயே போட்டுக்கொண்டு, முதல்முறையாக மார்பில் எதையும் அணைக்காமல், கையை வீசிக்கொண்டு வந்தார். அந்த நடையே எனக்குப் பிடிக்கவில்லை. பில்லை நீட்டினார். என் கிழிந்த காலரைப் பார்த்தார். வீங்கின உதட்டைப் பார்த்தார். அவருக்குக் காலைச் சங்கதி தெரியாது.

"இன்னா இன்ஸ்பெக்டரே, ஊட்ல பூரிக்கட்டையா? சட்டைல பட்டன் கூட மிச்சம் வெக்கல போல."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். பில் போடும் பெண்களும்.

நான் பைக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்தேன். தூக்கிப் பிடித்தேன். "இதுக்குப் பில் எங்கே?" என்று கேட்டேன். குரல் என்னுடையது போலவே இல்லை.

இதுவும் ஒரு விளையாட்டு என்றுதான் அவர் நினைத்தார். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. "நீதான பாத்து வுட்ட?"

"நான் எப்பய்யா பாத்தேன்?"

சொல்லி முடிப்பதற்குள் அறைந்துவிட்டேன். உள்ளங்கை முழுக்க அவர் இடது காதின்மேல் விழுந்தது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். அவர் எண்ணெய் டின்களை அடுக்கியிருந்த கோபுரத்தில் போய் மோதினார். டின்கள் சரிந்தன. "திருடன்! திருடன்!" என்று நான் கத்தினேன். இரண்டு தரம் கத்தினேன். இரண்டாவது தரம் கத்தும்போது எனக்குள் ஒரு... எப்படிச் சொல்வேன்... ஒரு குளிர்ச்சி இருந்தது. காலையிலிருந்து எரிந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினாற்போல.

அப்புறம் நான் மட்டும் அடிக்கவில்லை. மூட்டை இறக்குகிறவர்கள் வந்தார்கள். வாங்க வந்தவர்களும் வந்தார்கள். ஒருவன் ஹெல்மெட்டால் முதுகில் அடித்தான். ஒரு பெரியவர், பேரனை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, ஓர் உதை கொடுத்துவிட்டுப் போனார். சிலர் கையில் எங்கள் கடைப் பை தொங்கியது; பையைக் கீழே வைக்காமலே அடித்தார்கள். மற்றவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். அவர் தலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு சுருண்டார். மஞ்சள் பையை யாரோ பிடுங்கி உதறினார்கள், ஒட்டுப் போட்ட பக்கம் டர்ரென்று கிழிந்தது. வெல்லம் உடைந்து காலில் மிதிபட்டது.

அப்போது சுமதி டப்பாவைத் தரையிலிருந்து எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் அருகே வந்து மெல்லச் சொன்னாள்:

"அண்ணே, இதுல நம்ம ஸ்டிக்கர் இல்ல. இது நம்ம கடை டப்பா இல்லண்ணே."

எங்கள் கடையில் அந்த டப்பா ஒவ்வொன்றுக்கும் விலைச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் இல்லை. அவள் சொன்ன கணத்தில் நான் கையைத் தூக்கி "நிறுத்துங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் நிறுத்தியிருப்பார்கள். நான்தானே ஆரம்பித்தேன்!

"நீ போய் உன் வேலையைப் பார்" என்றேன்.

அதற்குப் பிறகும் உதை விழுந்தது. நான் அவளிடம் அதைச் சொன்னதற்கும் உதை நின்றதற்கும் நடுவே விழுந்த அத்தனை உதையும் என் கணக்கில்தான். முதல் அறையைக்கூட ஆத்திரம் என்று யாராவது மன்னிக்கலாம். இதை? இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

சுமதிதான் கூட்டத்துக்குள் புகுந்தாள். டப்பாவைத் தூக்கிக் காட்டி, இது வேறு கடையில் வாங்கினது என்று அழுதுகொண்டே சொன்னாள். சத்தம் அடங்கியது. அடித்தவர்கள் பில்லையும் பையையும் எடுத்துக்கொண்டு நழுவினார்கள். ஹெல்மெட்காரன் என்னிடம் பில்லை நீட்டினான், ஓட்டை போட. போட்டுக் கொடுத்தேன்!

அவர் எழுந்து உட்கார்ந்தார். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. என்னை அவர் பார்க்கவே இல்லை.

மேனேஜருக்கு விஷயம் புரிந்துவிட்டது. போலீஸ், கேஸ் என்று போனால் கடைப் பெயர் கெடும். அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். தீபாவளிக்கு வேண்டிய மளிகை எல்லாவற்றையும் எங்கள் கடைப் பைகளில் நிரப்பச் சொன்னார். நான்தான் நிரப்பினேன். பொருளுக்கும் காசு வேண்டாம், பைக்கும் காசு வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று அவர் முன்னால் வைத்தார்.

அவர் அந்தப் பைகளைப் பார்த்தார்.

"எங்கிட்ட பை கீது" என்றார்.

அவ்வளவுதான் பேசினார். கிழிந்த மஞ்சள் பையைப் பொறுக்கி, டப்பாவை அதில் வைத்து, கிழிசல் வழியாக விழாமல் அடியில் கை கொடுத்து, கதவைத் தாண்டிப் போனார். அந்தக் கதவில் அன்று அவரை யாரும் பில் கேட்கவில்லை.

முதலாளிக்கு மேனேஜர் வேறுவிதமாகச் சொன்னார். கூட்டத்தில் திருட்டு நடக்காமல் நான் துணிந்து நின்றதாக. வாசலில் நின்றவனை உள்ளே சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சுமதி தீபாவளிக்கு ஊருக்குப் போனவள், வேலைக்குத் திரும்பி வரவில்லை.

அன்று வீட்டுக்குப் போனேன். யாழினி அப்போது சின்னப் பிள்ளை. காலரையும் உதட்டையும் பார்த்துப் பயந்துபோனாள். "யாருப்பா அடிச்சாங்க?" என்று கேட்டாள். கார்க்காரர் அடித்ததையும் நான் ஸாரி சொன்னதையும் என் மகளிடம் எப்படிச் சொல்வேன்? திருடன் ஒருவனைப் பிடித்தேன், அவன் சட்டையைக் கிழித்தான், அப்பா விட்ட அறையில் சுருண்டு விழுந்தான் என்றேன். அவள் கண் விரிந்தது. கட்டிக்கொண்டாள்.

அந்தக் கட்டிப்பிடிப்பை விட முடியாமல்தான் பொய்யையும் விடவில்லை. அவள் கேட்டபோதெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல நானே நம்ப ஆரம்பித்தேன்.

பட்டிமன்றத்துக்கு முந்தைய வாரம் வீட்டில் ஒத்திகை நடந்தது. தம்பி திருடன். தலையணையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓட, அக்கா துரத்திப் பிடித்து அறைவாள். அவன் கட்டிலில் விழுந்து புரண்டு துடிப்பான். இருவருக்கும் சிரிப்பு தாங்காது. "எந்தக் கைப்பா? இப்படியா?" என்று அவன் எழுந்து வந்து கேட்டான். நான் என் வலது கையை விரித்து, காது எங்கே, உள்ளங்கை எங்கே என்று காட்டினேன்... காட்டினேன்! அடுத்த முறை அவள் அப்படியே அடித்தாள். அவனுக்கு உண்மையாகவே வலித்துவிட்டது. காதைப் பொத்திக்கொண்டு அழுதான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பரிசு வாங்கிய பிறகுதான் திறந்தேன். ஏன் அதற்கு முன்னால் சொல்லவில்லை என்றால், அவள் மேடையேற வேண்டும் என்பதற்காக அல்ல. அவள் முகத்தில் எனக்கென்று இருந்த வெளிச்சம் அணைந்துவிடும் என்ற பயம். அவ்வளவு கேவலமானது காரணம்.

வீட்டில் அவளும் நானும் மட்டும் இருந்தபோது, உங்களுக்குச் சொன்ன இதே வரிசையில் சொன்னேன். முடித்ததும், நான் ஏன் அடித்தேன் என்று கேட்பாள், திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்போ மேடையில அவரைத் திருடன்னு சொன்னது நான்தானேப்பா?"

என் குற்றம் என்னோடு போகும் என்று நினைத்திருந்தேன். அதை அவள் வாயில் வைத்து, மைக்கில் பேசவும் வைத்துவிட்டேன்.

பிறகு இன்னொன்று கேட்டாள். "அவர் பேரு என்னப்பா?"

எனக்குத் தெரியாது.

மாதக்கணக்கில் அந்தக் கதவில் பார்த்த மனிதர். அவர் மனைவி தைத்த பை எப்படி இருக்கும் என்று தெரியும். மகள் பிள்ளை பெற்றிருந்தது தெரியும். பெயரைக் கேட்டதில்லை. ஒருமுறை வெள்ளானூர் பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிருக்கிறேன், மன்னிப்புக் கேட்க. அங்கே நின்றுகொண்டு யாரை எப்படி விசாரிப்பது? மஞ்சப்பை வைத்திருப்பாரே, நான் அடித்தேனே, அவர் என்றா? வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். ஆவடி மார்க்கெட்டில் பின்னாளில் சுமதியைப் பார்த்தேன். அவரைப் பஸ்ஸில் பார்த்ததாகச் சொன்னாள். அவள் பேசியபோது அவர் வலது காதைத் திருப்பிக் கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

பைக்குக் காசு வாங்குவது சரியா, தவறா என்று இப்போது என்னைக் கேட்டால்... வாங்கட்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். எங்கள் கால்வாயைப் பார்த்தவன் வேறு சொல்ல முடியாது. ஆனால் காசு வாங்குகிற கடை, பை கொண்டு வருகிறவனை முதலில் மரியாதையாக உள்ளே விடட்டும். சுருட்டிய பையோடு வந்த ஒருவர்தான் எங்கள் கடையில் அந்தச் சட்டத்துக்கு உண்மையாக இருந்தார். அவரைத்தான் நாங்கள் அடித்தோம். இதை எந்த அணியில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் படித்தவர்கள், யோசியுங்கள்.

இதை எழுதலாமா என்று யாழினியிடம் கேட்டேன். எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் அவள் என்னோடு வண்டியில் வரும்போது பேசுவதே குறைவு. சாலையோரமாக யாராவது நடுவயது ஆள் துணிப் பையோடு போனால் மட்டும் என் தோளைத் தொடுவாள்.

"இவராப்பா?"

இல்லம்மா என்பேன்.

போன வாரம் திருமுல்லைவாயில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிகளுக்கு நடுவே, எங்களுக்கு நாலு அடி தள்ளி, ஒருவர் பையோடு நின்றுகொண்டிருந்தார். அவள் தோளைத் தொட்டாள். நான் இல்லை என்றேன்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.